பத்திரத்தில் 2400, அளந்தால் 2370: ரவுண்ட் செய்த அளவு பரப்பை எவ்வளவு மாற்றும்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா வாங்கிய மனையின் பத்திரத்தில் கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக மொத்தம் 2400 சதுர அடி என்று இருக்கிறது. இப்போது லேசர் கருவி வைத்து அளந்தவர் 39 அடி 8 அங்குலம், 59 அடி 9 அங்குலம் என்று குறித்து, பரப்பு 2370.08 சதுர அடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தெற்கிலும் கிழக்கிலும் காம்பவுண்டு சுவர் இருக்கிறது. அன்றைக்கு அளவை ரவுண்ட் செய்து எழுதியதால் மட்டுமே 30 சதுர அடி குறையுமா, இல்லை பக்கத்து மனைக்காரர் உள்ளே வந்துவிட்டாரா என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ரவுண்ட் செய்தால் எவ்வளவு மாறும் என்பது கணக்கு, அதற்கு உறுதியான பதில் உண்டு. பக்கத்து மனைக்காரர் வந்தாரா என்பதற்குக் கல்லையும் வரைபடத்தையும் பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது. மனை அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது பல வருடங்களாக என் தொழில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அண்டை வீட்டாரோடு சண்டைக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்குலமே இல்லாமல் "40 அடி" என்று எழுதியிருந்தால், அருகிலுள்ள முழு அடிக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் உண்மையான நீளம் முப்பத்தொன்பதரை அடியிலிருந்து நாற்பதரை அடிக்குள் எங்கேயும் இருக்கலாம். அதேபோல 60 என்பது 59.5 முதல் 60.5 வரை. இரண்டும் குறைந்தபட்சமாக இருந்தால் பரப்பு 2350.25 சதுர அடி, இரண்டும் அதிகபட்சமாக இருந்தால் 2450.25. அதாவது "40க்கு 60" என்று எழுதிய ஒரு பத்திரம் உண்மையில் சொல்வது 2350க்கும் 2450க்கும் நடுவில் ஒரு பரப்பு என்பதைத்தான். உங்கள் 2370 அதற்குள் வசதியாகவே அடங்குகிறது. 39 அடி 8 அங்குலத்தை முழு அடிக்கு மாற்றினால் 40, 59 அடி 9 அங்குலத்தை மாற்றினால் 60. அதனால் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், ரவுண்ட் செய்ததால் மட்டுமே 30 சதுர அடி குறைய முடியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரை அடி தானே, அது எப்படி 50 சதுர அடி ஆகிறது என்று பலரும் கேட்பார்கள். 60 அடி நீளப் பக்கத்தை ஒட்டி அரை அடி அகலத்தில் ஒரு பட்டை கூடினால் 30 சதுர அடி. 40 அடிப் பக்கத்தை ஒட்டி அதேபோல ஒரு பட்டை கூடினால் 20 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 50. மூலையில் அரைக்கு அரை அடித் துண்டு ஒன்று வரும், அது கால் சதுர அடி, அதை மறந்துவிடலாம். ஒரு பக்கத்தில் வந்த தவறு இன்னொரு பக்கத்தின் முழு நீளத்தோடும் பெருக்கப்படுகிறது, விஷயம் அவ்வளவுதான். சதவீதத்தில் சொன்னால் 40 அடியில் அரை அடி 1.25 சதவீதம், 60 அடியில் அரை அடி 0.83 சதவீதம், பரப்பில் இரண்டும் கூடி ஏறக்குறைய 2.08 சதவீதம். பக்கங்களின் சதவீதத் தவறுகளைக் கூட்டினால் பரப்பின் சதவீதத் தவறு கிடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், எந்த மனைக்கும் நீங்களே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

சரி, முடியும் என்பது வேறு, அடிக்கடி நடக்கும் என்பது வேறு. அரை அடி எல்லைக்குள் எந்த அளவும் சம வாய்ப்போடு வரும், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சார்ந்ததில்லை என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 40க்கு 60 மனையில் மாற்றம் 21 சதுர அடிக்குள் நிற்பது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு தடவை. 30 சதுர அடியோ அதற்கு மேலோ மாறுவது ஆறில் ஒரு வாய்ப்பு, 40க்கு மேல் மாறுவது இருபத்துநான்கில் ஒரு வாய்ப்பு. 50ஐத் தாண்டவே முடியாது. உங்கள் 30 சற்றுப் பெரிய மாற்றம், ஆனால் அபூர்வமானது என்று சொல்ல மாட்டேன். சதுர அடி 3000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 சதுர அடி 90,000 ரூபாய். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தொகை பெரிதாக இருப்பதால் தவறு நடந்திருக்கிறது என்று ஆகிவிடாது.

இனிமேல் சொல்வதில் கொஞ்சம் ஊகம் கலந்திருக்கிறது. மேலே போட்ட கணக்கு, நிலத்தை அளந்து பிறகு முழு அடிக்கு மாற்றி எழுதினார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. மனைப்பிரிவுகளில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. முதலில் காகிதத்தில் 40க்கு 60 என்று கட்டம் போடுவார்கள், அப்புறம்தான் நிலத்தில் டேப் பிடித்துக் கல் நடுவார்கள். அப்போது வருவது கல் நட்ட தவறு. உங்கள் மனைக்கு இதில் எது நடந்தது என்பதை இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லித்தான் நான் முதலில் வற்புறுத்துவேன்: உங்கள் வரிசை முழுவதையும் அளந்து பாருங்கள்.

காரணம் இது. உங்கள் வரிசையில் பத்து மனைகள் இருக்கின்றன, எல்லாமே பத்திரத்தில் 40 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் மொத்தம் 400 அடி. நிலத்தில் சாலைக்குச் சாலை 396 அடி 8 அங்குலம்தான் இருந்தால், ஒவ்வொரு மனைக்கும் 39 அடி 8 அங்குலம் வருகிறது, யாரும் யாருடையதையும் எடுக்கவில்லை. ஆனால் முதல் மனைக்காரர் தன் மூலைக் கல்லிலிருந்து சரியாக 40 அடி பிடித்துச் சுவர் கட்டி, அடுத்தவர் அந்தச் சுவரிலிருந்து 40 அடி பிடித்து, இப்படியே போனால், கடைசி மனைக்கு 36 அடி 8 அங்குலம்தான் மிஞ்சும். ஒவ்வொருவரும் தன் பத்திரப்படிதான் நடந்துகொண்டார், ஆனாலும் ஒருவருக்கு 200 சதுர அடி போய்விட்டது. மனைப்பிரிவுகளில் கடைசி மனைக்காரர்களின் தகராறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. நீங்கள் அளக்கும்போது எல்லா மனையும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் அது மொத்த இடத்தில் இருந்த பற்றாக்குறை. உங்களுக்கு 4 அங்குலம் குறைந்து பக்கத்து மனைக்குச் சரியாக 4 அங்குலம் கூடியிருந்தால், அப்போது பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: ரவுண்ட் செய்வதில் கூடுவதும் குறைவதும் கலந்துதான் வரும். பத்து மனையும் ஒரே திசையில் குறைந்தால், அதற்கு ரவுண்ட் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டேப்பைச் சந்தேகிக்கலாம், மனை பிரித்தவர் எண்களை வேண்டுமென்றே மேலே தூக்கி எழுதினாரா என்றும் சந்தேகிக்கலாம்.

அடுத்து சுவர். இதை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நாலரை இஞ்ச் சுவரை முழுக்க உங்கள் மனைக்குள்ளேயே கட்டியிருந்து, அளந்தவர் லேசரைச் சுவரின் உள்முகத்தில் வைத்திருந்தால், கிழமேல் அளவிலும் தென்வடல் அளவிலும் நாலரை அங்குலம் காணாமல் போகும். இருபுறப் பூச்சையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூட. உங்களுக்குக் குறைவது 4 அங்குலமும் 3 அங்குலமும். கிட்டத்தட்ட முழுக் குறைவையும் சுவரே விழுங்கியிருக்கலாம்! அதே சுவர் எல்லைக் கோட்டுக்கு நடுவில் நின்றால் குறைவது இரண்டே கால் அங்குலம்தான். ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் இரண்டையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். லேசர் கருவி சில மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்கும், ஆனால் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை அளக்க வேண்டும் என்பதை ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். அளந்தவரிடம் "சுவரோடு சேர்த்தா, சேர்க்காமலா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரலாம்.

அங்குலத்தைப் புள்ளி வைத்து எழுதும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ரவுண்ட் செய்வதைவிட இது செய்யும் கெடுதல் அதிகம். 39 அடி 8 அங்குலத்தை மேஸ்திரிகள் 39.8 என்று குறிப்பார்கள். அவர்களுக்குள் அது புரியும். அதைக் கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் தவறு, ஏனென்றால் 8 அங்குலம் என்பது 0.667 அடி. உங்கள் அளவையே 39.8, 59.9 என்று பெருக்கினால் 2384 வரும், சரியான விடையைவிட 14 சதுர அடி அதிகம். 10 அங்குலம் வந்தால் இன்னும் மோசம். 39 அடி 10 அங்குலத்தை 39.10 என்று எழுதிப் பெருக்கினால் கருவி அதை 39.1 என்று எடுத்துக்கொள்ளும். முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக நீளம் தொலைந்து, 60 அடி ஆழ மனையில் 44 சதுர அடி போய்விடும். உங்கள் விஷயத்தில் 2370.08 என்ற விடை, அங்குலத்தைச் சரியாக அடியாக மாற்றிப் பெருக்கியதால் வந்ததுதான். சரிபார்த்துவிட்டேன்.

இதுவரை மனை செவ்வகம் என்று வைத்துக்கொண்டே பேசினேன். நான்கு பக்க நீளம் தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மூலைகள் செங்கோணமாக இல்லாவிட்டால் தெரியாது. அதே 40, 60, 40, 60 பக்கங்களோடு மனை சற்றுச் சாய்ந்து மூலைக் கோணம் 85 பாகையாக இருந்தால் பரப்பு 2391 சதுர அடி, 80 பாகையாக இருந்தால் 2363.5 தான். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கும் வழக்கம் இன்றும் பத்திரங்களில் உண்டு. அது மிகப் பழைய முறை. கி.பி. 628இலேயே பிரம்மகுப்தர் இதைத் தோராயமான பரப்பு என்று தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். இந்த முறை செவ்வகத்துக்கு மட்டும் சரியாக வரும். மற்ற நாற்கர மனைகளுக்கு எப்போதும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு நஷ்டம்.

இதைச் சோதிக்க மூலைக்கு மூலை இரண்டு குறுக்கு அளவையும் எடுங்கள். உங்கள் புதிய அளவுகள்படி மனை சரியான செவ்வகம் என்றால் இரண்டுமே 71 அடி எட்டரை அங்குலம் அளவில் வர வேண்டும். இரண்டு குறுக்களவுக்கும் நடுவில் ஒரு அடி வித்தியாசம் இருந்தால்கூடப் பயப்பட வேண்டாம், பரப்பில் அது அரை சதுர அடிகூடக் குறைக்காது. ஆறு அடி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய பத்து சதுர அடியும், பதினோரு அடிக்கு மேல் என்றால் முப்பதுக்கு மேலும் போகும். சாய்வின் பாதிப்பு ஆரம்பத்தில் மெதுவாக வந்து பிறகு வேகமெடுக்கும்.

மனை ஒடுங்க ஒடுங்க ரவுண்ட் செய்வதன் விளைவு வளரும். 20க்கு 120 மனையும் 2400 சதுர அடிதான், ஆனால் அதே அரைஅடித் தவறு அங்கே 50க்குப் பதில் 70 சதுர அடியை ஆட்டும். நாலடிப் பொதுப்பாதை 150 அடி நீளம் போனால் அதன் பரப்பு 600 என்பார்கள். அகலம் மூன்றரையா நாலரையா என்று தெரியாத நிலையில் அது 525ஆகவும் இருக்கலாம், 675ஆகவும் இருக்கலாம். அதனால் எதையாவது ஒன்றைக் கவனமாக அளக்க நேரமிருந்தால் குறுகிய பக்கத்தை அளங்கள். நீளப் பக்கத்தில் ஒரு அங்குலம் பெரிதாக ஒன்றும் செய்யாது.

பழைய வருவாய் ஆவணங்களோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அங்கேயும் ரவுண்ட் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பழைய புலப்படங்கள், அதாவது அரசு நில அளவை வரைபடங்கள், பலவற்றில் அளவு லிங்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறு லிங்க், ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முழு லிங்குக்கு எழுதினால் பக்கத்துக்கு நாலு அங்குலம் வரை கூடலாம் குறையலாம், உங்கள் மனையளவு இடத்தில் அது 33 சதுர அடி. மெட்ரிக் சங்கிலியில் ஒரு வளையம் 20 செ.மீ., கிட்டத்தட்ட அதே கதைதான். கிராமப் பட்டாக்களில் விஸ்தீரணம் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், பலவற்றில் அது .00 அல்லது .50 என்று முடிவதைப் பார்க்கலாம். அரை ஏர் என்பது 50 சதுர மீட்டர். அதற்கு ரவுண்ட் செய்திருந்தால் உண்மை 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம். ஒரு ஏக்கர் வயலுக்கு இது பொருட்டில்லை. உங்கள் மனைக்கு ஒன்பதில் ஒரு பங்கு. பட்டாவில் இருக்கும் விஸ்தீரணத்தைச் சதுர அடியாக மாற்றி, பத்திரத்தோடு ஒப்பிட்டு, நிலம் குறைகிறது என்று முடிவு கட்டும் முன் இதை யோசியுங்கள்.

அலகு மாற்றும்போதும் கசியும். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, பேச்சில் 435 என்போம். 2400 சதுர அடி ஐந்தரை செண்டுக்கு ஒரு பிசிறு அதிகம், ஐந்தரை என்று எழுதியதும் நாலு சதுர அடி போகிறது. மனைக்கு இவையெல்லாம் சின்னச் சமாச்சாரம். ஆனால் ஒரு ஹெக்டேரை இரண்டரை ஏக்கர் என்று வாய்க்கணக்காகச் சொல்வது அப்படியில்லை. உண்மை 2.471 ஏக்கர், வித்தியாசம் ஹெக்டேருக்கு 2.9 செண்ட். அது 1260 சதுர அடி, அரை கிரவுண்டுக்கும் (1200 சதுர அடி) மேல்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் எந்த முகத்திலிருந்து அளந்தார்கள் என்று கேளுங்கள். நட்ட கற்கள் இன்னும் இருந்தால் கல்லுக்குக் கல், நான்கு பக்கமும் இரண்டு குறுக்கும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டே அளவை வைத்து எதிர்ப்பக்கமும் அதேதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு என்றால் வரைபட நகலை வாங்கி, வரிசையின் மொத்த நீளத்தை நிலத்தோடு ஒப்பிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பக்கத்து மனையில் கூடுதலும் உங்களிடம் குறைவும் சரிக்குச் சரியாக நின்றால், அரசு நில அளவைக்குப் பணம் கட்டி மனுக் கொடுங்கள். பத்திரத்தின் நான்கெல்லையும் (நாலு பக்கமும் யார் மனை, எந்தச் சாலை என்ற விவரம்) அளவும் முரண்படும்போது பொதுவாக நான்கெல்லைக்கே முன்னுரிமை கொடுப்பது நீதிமன்றங்களின் வழக்கம், ஆனால் அது ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பொறுத்து மாறும். திருத்தப் பத்திரம் போடலாமா, வேண்டாமா என்பதெல்லாம் வழக்கறிஞர் உங்கள் மூலப் பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நான் அளவைக்காரன், அதற்குள் போக மாட்டேன்.

புதிதாக எழுதும் எந்த ஆவணத்திலும் 2370.08 என்று போட வேண்டாம். அங்குலம் வரை அளந்திருக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கும், பரப்பில் அது நாலு சதுர அடி. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த 08ஐ யாரும் அளக்கவில்லை, பெருக்கலில் விழுந்தது. 39 அடி 8 அங்குலம், 59 அடி 9 அங்குலம் என்று பக்க அளவுகளை அங்குலத்தோடு எழுதி, இரண்டு குறுக்களவையும் சேர்த்து, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்பதையும் குறித்து, பரப்பை 2370 சதுர அடி என்று போட்டால் போதும். அடுத்த தடவை யார் அளந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குத் தேவையானது அந்தப் பக்க அளவுகளும் குறுக்களவுகளும்தான்.